ஈரம்

காரைக்குடியில்
மழை கேட்காதவள் நான் ஒருத்திதான்.

எழுநூற்றிருபது டிகிரியில்
உப்பு உருகித் தண்ணீர்போல் தெளிகிறது.
அந்தப் பெயரை இங்கே சொல்லக் கூடாது என்பார் சேவுகன்,
ராத்திரியில் பாம்பைப்
பெயர் சொல்லாத மாதிரி.

தூத்துக்குடி அளத்தில் சோற்றுப்பை வாரியபின்
மிஞ்சிய கசப்புநீர்,
காய்ந்து, வறுபட்டு, வெண்பொடியாகித்
தகர டப்பாவில் வந்தது.
கடலின் கடைசிச் சொட்டையும் பிடுங்க
இரண்டு நாள் உலர்த்தினோம்.
அப்படியும் கொஞ்சம் ஒளித்து வைத்துக்கொள்ளும்.

இருநூறு ஆம்பியர்.
கரிக்கம்பைச் சுற்றிக் குளோரின் குமிழ்ந்து
காரத்தொட்டிக்குப் போகிறது.
எஃகுத் தகட்டில் மக்னீசியம்,
முதலில் வியர்வை, அப்புறம் கடுகு, அப்புறம் மிளகு,
பிறகு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு
மேலே வந்து மிதக்கிறது.
உலோகம். மிதக்கிறது.
ஆறு வருஷமாகப் பார்க்கிறேன்,
இன்னும் பழகவில்லை.

கரண்டியை உலை வாயில் வெகுநேரம் காட்டிய பிறகே
உள்ளே விடுவார் சேவுகன்.
ஒரு துளி ஈரம் போதும்,
கலம் முகத்துக்கு வந்துவிடும்.
தொண்ணூற்றெட்டில் வந்திருக்கிறது.
இடது புருவம் இன்னும் முளைக்கவில்லை.

நேற்று, ஐப்பசி மூன்றாம் நாள்,
வானம் இடிந்து கொட்டியது.
மூன்று வருஷம் வெடித்துக் கிடந்த ஊருணியில்
ஐந்து படி மறைந்துவிட்டதாம்.
முற்றத்தில் தம்பி அண்டா வைத்ததை
வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான்.
நான் இங்கே டப்பா மூடிகளின் விளிம்பில்
மெழுகு பூசிக்கொண்டிருந்தேன்.

பயனில்லை.
இன்று கரிக்கம்பு சீக்கிரம் தேய்ந்தது.
கலத்தின் அடியில் சாம்பல்நிறச் சேறு.
ஆறு மணி நேரத்துக்கு நானூற்று முப்பது கிராமாவது வரவேண்டும்,
தராசு இருநூற்றெழுபதில் நின்றுவிட்டது.

பதிவேட்டில் ‘காரணம்’ என்றொரு கட்டம்.
காற்றில் ஈரப்பதம் தொண்ணூற்றொன்று
என்று எழுதினேன்.
தோளுக்குமேல் எட்டிப் பார்த்தவர்
“ஊருணி ரொம்பிருச்சுன்னு எழுதுங்க மேடம்” என்றார்.
கேலி இல்லை.
அந்த ஊருணிக்குக் கீழேதான்
அவருக்கு அரை ஏக்கர்.

மின்சாரத்தை நிறுத்தினோம்.
ஓரத்திலிருந்து உப்பு வெளுத்து இறுகி வந்தது,
நடுவில் மட்டும் ஒரு கண் கொஞ்ச நேரம் சிவந்திருந்தது.
சேவுகன் குடை இல்லாமல் சைக்கிளை எடுத்தார்,
நாற்று விடணும், நாளைக்கு லீவு என்றபடி.

சரி என்றேன்.
இன்னும் பதினொரு டப்பா இருக்கிறது,
மெழுகு தீர்ந்துவிட்டது.