டப்பாவுக்குள் என்ன

லாமிங்டன் ரோட்டில் பதினெட்டு ரூபாய்.
பதினாலு கால் கறுப்புப் பூச்சி ஒன்று,
பெயர் நாற்பதாயிரத்து நூற்றாறு.
ஹஸ்முக் பாய் அதைத் தெர்மாகோல் துண்டில் குத்தித் தந்தார்.
"எதை ரிப்பேர் பண்ணப் போகிறாய்?"
எதையும் இல்லை, சத்தம் போட, என்றேன்.
சில்லறை இல்லையென்று
பாக்கிக்கு மூன்று கெபாசிட்டர் கொடுத்தார்,
மற்ற கடைகளில் சாக்லேட் தருவதைப் போல.

என் வேலை நெஞ்சுகளில் ஒயர் ஒட்டுவது.
மோதிரம் கழற்றுங்கள், பேசாதீர்கள்,
ஜெல் கொஞ்சம் சில்லென்றிருக்கும்.
காகிதத்தில் மலைமலையாய் இறங்கும் கோட்டில்
சிலசமயம் மெல்லிசாய் மயிர் முளைக்கும்.
சுவரிலிருந்து, ட்யூப்லைட்டிலிருந்து,
கட்டிலுக்கடியில் யாரோ விட்டுப்போன சார்ஜரிலிருந்து
நொடிக்கு ஐம்பது தரம் நடுங்கும் கரண்ட்.
டாக்டர் அதைக் குப்பை என்பார்.
வடிகட்டும் பொத்தானைப்
பதினோரு வருஷமாய் அழுத்துகிறேன்.
வடித்த கஞ்சியையாவது மாட்டுக்கு வைப்பார்கள்.
இது எங்கே போகிறது?

தவசிக்கு நைட் டூட்டி விழும் நாட்களில்
ஆன்டாப் ஹில் மூன்றாவது மாடியில்
சப்பாத்திப் பலகையைக் கவிழ்த்துப் போட்டு
ஈயம் உருக்குவேன்.
முதலில் வந்தது கொசு.
அடுத்தது மாவு மிஷின்.
மூன்றாவது சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.
இரண்டு ரூபாய்க் காசில் ஈயம் ஒட்டவில்லை,
உருண்டு உருண்டு ஓடியது.
ஐந்து ரூபாயில் ஒட்டியது.
ஆளுக்கொரு ஒயராய் இரண்டு ஐந்து ரூபாய்,
ஒன்பது வோல்ட், ஒரு பழைய ரேடியோவின் ஸ்பீக்கர்,
எல்லாம் என் சாப்பாட்டு டப்பாவுக்குள்.
ஒரு காசில் ஒரு கை, மறு காசில் மறு கை.
நடுவில் இருக்கும் நான்தான் திருகாணி.
பாத்திரம் கழுவிவிட்டுத் தொட்டால் கீச்சென்று ஏறும்.
விசிறிக் காற்றில் காய்ந்த கை
எருமைபோல் முனகும்.

ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன்.
ராத்திரி இரண்டு மணிக்கு மேல்
இசிஜி அறையில் ஈ ஆடாது.

தாதரில், பாலம் இறங்கும் இடத்தில், மேஜை போட்டிருந்தார்கள்.
"டப்யாத் காய் ஆஹே?"
மூடியைத் திறந்தேன்.
சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர், பேட்டரி.
எனக்குப் பின்னால் வரிசை
யாரும் சொல்லாமலே ஐந்தடி நகர்ந்தது.
இவை மூன்றும் ஒரே டப்பாவில் இருந்தால்
இந்த ஊரில் அதற்கு ஒரே பெயர்தான்.
அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
சட்டைப்பட்டியில் கவாடே என்றிருந்த கான்ஸ்டபிளம்மா
என் இடது மணிக்கட்டைப் பிடித்தார்,
பிடித்தவர் விடவில்லை.
வாத்யம், என்றேன்.
நல்லவேளை, அந்தச் சொல் இரண்டு பாஷைக்கும் பொது.
"வாசித்துக் காட்டு."
இரண்டு கை வேண்டும், என்றேன்.
ஒரு கைதான் கிடைத்தது.

அப்புறம் நடந்ததை ஹஸ்முக் பாய் நம்பவில்லை.
வலது விரலை ஒரு காசில் வைத்தேன்.
நீங்கள் அதைத் தொடுங்கள், என்று மற்றதைக் காட்டினேன்.
அவர் என்னைப் பார்த்தார்.
டப்பாவைப் பார்த்தார்.
பின்னால் நின்ற ஜனத்தைப் பார்த்தார்.
சுண்டுவிரலால் தொட்டார்,
சூடான தோசைக்கல்லைத் தொடுவதுபோல.

மே மாதம். இருவருக்கும் வேர்த்திருந்தது.
அப்படியொரு கீச்சு வீட்டில் ஒருநாளும் வந்ததில்லை.
அதில் எவ்வளவு என் பயம் என்று
அளக்க என்னிடம் மீட்டர் இல்லை.
மீதி என்னுடையதல்ல, அது தெரியும்.

பதறிப் பிடி தளர்ந்தார்: சத்தம் இறங்கியது.
இறுக்கினார்: ஏறியது.
முகத்தில் எதுவும் காட்டாமல்
இன்னொரு தரம் தளர்த்தினார்.
இறுக்கினார்.
தளர்த்தினார்.
விரைவு வண்டி ஒன்று போயிற்று,
அடுத்ததும் போயிற்று.

ராத்திரி இரண்டரைக்கு, விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்.
மணிக்கட்டில் நாலு விரல் சிவந்திருந்தது,
நான் தினமும் மற்றவர்களுக்குக்
கிளிப் மாட்டும் அதே இடத்தில்.