இரு முனையிலும் கை

இரவு இரண்டே கால்.
குழாயின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு
நான்கு லட்சம் அமீபாக்கள்
ஒன்றும் நடக்காததுபோல்
இரண்டிரண்டாகிக்கொண்டிருக்கின்றன.

ஒன்பது நாளாக மருந்து ஊற்றுகிறேன்.
ஆர்னித்தினின் முகத்தை அப்படியே மாட்டிக்கொண்ட மருந்து.
நொதி ஏமாந்து அதை விழுங்க வேண்டும்,
விழுங்கிய வாய் பிறகு திறக்கவே கூடாது.
ஆப்பிரிக்காவில் தூக்க நோயில் கிடந்தவர்களை
இதே மருந்து எழுப்பி உட்கார வைத்தது.
இங்கே, மெக்சிகோ நகரத்தில், ஏழாம் மாடியில்,
அமீபாவின் நொதி வாசலிலேயே பார்த்துவிட்டு
நீ அவன் இல்லை என்கிறது.
எங்கோ ஓரிரு அமினோ அமிலம்
இடம் மாறி நிற்கிறது. அவ்வளவுதான்.

குறிப்பேட்டில் எழுதினேன்: பாதிப்பு இல்லை.
டாக்டர் இபார்கோய்தியா காலையில் வந்து
அதன் கீழே சிவப்பில் கோடு போடுவார்,
தப்பு என் பிப்பெட்டில்தான் என்பதுபோல்.

ஆர்னித்தின் ஒரு கரியமில வாயுவை உதறினால்
புட்ரெசின்.
அழுகலை வைத்துப் பெயர் சூட்டியவருக்கு
மூக்கு மட்டும்தான் இருந்திருக்க வேண்டும்.
நான்கு கரி அணு, முனைக்கொரு கை;
தன்னைத் தானே தள்ளி விறைத்து நிற்கும்
டி.என்.ஏ. இழையைத் தடவி, தணித்து,
மடித்து வைக்கிற கை.
மற்ற உயிர்கள் இதை இன்னும் நீட்டி
ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் என்று போகும்.
இதுவோ பெரும்பாலும் புட்ரெசினோடு
போதும் என்று நின்றுவிட்டது.
எனக்கு அது பிடித்திருக்கிறது.
குறிப்பேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

பத்து மணிக்கு வீடு.
கிரிசோஃபொரோ லா வீகா சந்தையிலிருந்து
அப்போதுதான் வந்து நிற்கிறான்,
நேற்று விலைபோகாத சங்கரா மீன்களை
இன்றும் புரட்டிய கையோடு.
நாறுகிறேனா?
ஆமாம், அதற்கு ஒரு பெயர் உண்டு: புட்ரெசினா.
பொம்பளைப் பெயர் மாதிரி இருக்கிறதே,
உன்கூட வேலை பார்க்கிறாளா?
பார்க்கிறாள். என்னைவிட அதிக நேரம்.
சிரிக்கிறான். பூட்ஸிலிருந்து ஐஸ் தண்ணீர்
தரையில் சொட்டுகிறது.

பச்சை எலுமிச்சை இரண்டை வெட்டி
அவன் உள்ளங்கையில் பிழிகிறேன்.
அமிலம் போய் அமீனைப் பிடித்துக்கொள்ளும்,
பிடிபட்டது பறக்காது, மூக்குக்கு வராது.
ஒன்பது நாளாக ஏழாம் மாடியில் முடியாதது
கழுவுதொட்டியில் அரை நிமிடத்தில்.
நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் மிச்சம்.
இன்னும் தேய்க்கட்டுமா என்கிறான்.
வேண்டாம், இருக்கட்டும், தூங்கு.

திரைச்சீலையை இழுத்துவிட்டு
மணி பார்க்கிறேன். பத்தே கால்.
அங்கே இந்நேரம்
எட்டு லட்சம் ஆகியிருக்கும்.