நிழல் பலகை

முந்நூற்றுப் பதினோரு நிழல்கள் அந்தப் பலகையில்.
ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவிலேயே
கறுப்புப் பெயிண்டில் ஓர் இடம்.
எடுத்தால் நிழல் தெரியும், மாட்டினால் மறையும்.
திருச்சி ஹேங்கரில் என் வேலை அவ்வளவுதான்:
ஷிப்ட் முடியும்போது
ஒரு நிழலும் தெரியக்கூடாது.

ஒருமுறை பத்து எம்.எம். ஒன்று திரும்பவில்லை.
நூற்றெண்பது பேர் பெட்டியோடு காத்திருக்க
நான்கு மணி நேரம் விமானத்தை விடவில்லை நான்.
மேனேஜர் போனில் கத்தினார்.
ஜெகபர் சாதிக் சக்கரக் குழிக்குள் தலைகீழாகத் தொங்கி,
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
கண்டெடுத்துக் கொடுத்தான்.
அவன் கையெழுத்துப் போட்ட பக்கத்தில்
எண்ணெய் ரேகையாக ஒரு கட்டைவிரல்.

பிறகு கணக்குப் போட்டார்கள்.
ஓர் ஆளின் ஒரு மணி நேரம் இங்கே இவ்வளவு,
கடலுக்கு அப்பால் இவ்வளவு.
மிச்சம் திரையில் பச்சை நிறத்தில் எரிந்தது.
குறுவை நாற்றுகூட அத்தனை பச்சை இல்லை.
பலகையைக் கழற்றிய அன்று
எல்லா நிழலும் தெரிந்தது.
கையெழுத்துப் போட நோட்டு இல்லை.

இப்போது வலங்கைமான் பக்கம்
நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை எண்ணுகிறேன்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால் திருப்பியனுப்ப வேண்டும்.
தை மாதப் பனியில் எது பதினேழுக்குள் நிற்கும்?
தார்ப்பாய்க்கு அடியில் நெல் வியர்க்கிறது,
டிராக்டர்கள் வாய்க்கால் பாலம்வரை நிற்கின்றன,
என்னைத் திட்டாதவர் அந்த வரிசையில் யாருமில்லை.

வந்த முதல் வாரமே கோணி ஊசிகளை எண்ணினேன்.
பன்னிரண்டு.
தகரத்தில் பன்னிரண்டு ஆணி,
ஆணிக்குக் கீழே ஊசி நீளத்துக்கு ஒரு கரிக்கோடு.
"ஊசி காணோம்னா மூட்டை பறக்காதாம்மா?"
துரைக்கண்ணு கேட்டதும் லோடுமேன்கள் எல்லாரும் சிரித்தார்கள்.
பறக்காது, தேடுங்கள் என்றேன்.
லாரியை நிறுத்திவைத்துத் தேடினோம்.
நாற்பதாவது மூட்டையின் வாயில்
நெல்லோடு நெல்லாகக் கிடந்தது.
அதன் பிறகு அவர் அதைக் கேட்பதில்லை.
சிரிப்பது மட்டும் நிற்கவில்லை.

போன மாதம் ஜெகபரிடமிருந்து ஒரு படம்.
வேலை போன ஏழாவது மாதம்
கூத்தாநல்லூரிலிருந்து அதன் பின்னாலேயே
அவனும் கடல் தாண்டியிருந்தான், கான்ட்ராக்டில்.
படத்தில் ஒரு டார்க் ரெஞ்ச்,
பிடியில் நான் பொறித்த எண்: 114.
நான்கில் கை வழுக்கிய கீறல்கூட அப்படியே.
ஏலத்தில் போன பெட்டிகள் அங்கேதான் இறங்கியிருக்கின்றன.
"நம்ம பிளேனுதான் மங்கைக்கா,
வாலு எழுத்துகூட மாத்தல."

அங்கே வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்டேன்.
இல்லை என்று சொல்வான் எனக் காத்திருந்தேன்,
மறைப்பதற்கு ஒன்றுமில்லை.
"ஒழுங்காத்தான் நடக்குது.
எண்றதுக்கு மெஷின் வச்சிருக்கான்.
ஏஜென்ட் பிடிச்சது போக
திருச்சில வாங்குனதுக்குக் கீழதான் கைக்கு வருது.
ரூமுக்கு எட்டுப் பேரு."
அதற்குமேல் எழுதவில்லை.
பதினோரு வினாடிக் குரல் செய்தி ஒன்று வந்தது.
ரிவெட் அடிக்கும் சத்தம் மட்டும் அதில்.
இரண்டு முறை கேட்டேன்.
அடி சீராக இருந்தது.

இன்றிரவு மழை வரும் என்கிறார்கள்.
நானூறு மூட்டை வெட்டவெளியில்.
துரைக்கண்ணு தார்ப்பாயின் ஒரு முனையை இழுக்கிறார்,
மறுமுனையில் நான்.
தலைக்கு மேலே ஒன்றரை மணி விமானம்
வெண்ணாற்றைத் தாண்டிக்
கடலைப் பார்த்துப் போகிறது.
அதிலிருப்பவர்கள் தூங்கட்டும்.
ஜெகபர் தொட்டதுதான் அது,
ஒருவேளை 114-ஆல்.

தகரத்தில் ஒரு கரிக்கோடு தெரிகிறது.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
மூட்டைகளுக்கு நடுவே இறங்குகிறேன்.