வண்டலூருக்கு இருநூறு மீட்டர் முன்

ஐந்தேகாலுக்கு நங்கநல்லூரை விட்டோம்.
நான் ஓட்டுகிறேன்.
எழுதும்போதும் இன்னொரு தடவை சொல்லிக்கொள்கிறேன்,
நான் ஓட்டுகிறேன்.
வயது ஐம்பத்திரண்டு, லைசென்ஸுக்கு ஏழு மாதம்.
பக்கத்து சீட்டில் சற்குணம்,
இருட்டிலும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி,
மடியில் சொட்டு மருந்து,
இடது கண்ணில் புரை எடுத்துப் பதினெட்டாம் நாள்.

பல்லாவரம் வரை கிளட்ச்சைப் பற்றி மட்டும் பேசினார்.
தாம்பரத்தில் ஆரம்பித்தார்.
'வண்டலூர்ல வலது பக்கம் ஒடி.
ஒரகடம், வாலாஜாபாத், உத்திரமேரூர், வந்தவாசி.
சுத்துதான். ஆனா ஏரி ஏரியா வரும்.
நீலம் இவ்வளவு நீலமா இருக்கும்னு
யாருமே சொல்லல எனக்கு.
நம்ம வீட்டு பிளாஸ்டிக் வாளியே கண்ணைப் பறிக்குது.
ஒரு ஏரியைக் காட்டேன்.'

சொல்கிறவர் யார்?
இருபத்தாறு வருஷமாய்
திருவண்ணாமலைக்கு ஒரே வழி வைத்திருந்தவர்.
பரனூரில் ஒரு சுங்கம், ஆத்தூரில் ஒரு சுங்கம்,
திண்டிவனத்தில் காபி, அதுவும் நின்றுகொண்டே.
அவசரம், எங்காவது நிறுத்துங்கள் என்றால்
'இதோ மதுராந்தகம்' என்பார்.
மதுராந்தகம் வந்தால், 'இதோ மேல்மருவத்தூர்.'
அக்கா வீட்டு வாசலில் இறங்கியதும்
கடிகாரத்தைப் பார்ப்பார்.
அப்புறம்தான் அக்காவை.

அத்தனை ஏரியையும் பார்த்தது நான்.
ஜன்னலில் கன்னம் வைத்து,
பையன் மடியில் தூங்க, கால் மரத்துப்போக,
கொளவாயில் தண்ணீர் ஏறியதை,
வற்றியதை,
பச்சை மூடிக்கொண்டு கிடந்ததை.
எனக்கு ஏரி போதும்.
எனக்கு வேண்டியது ஒரு நேர்க்கோடு,
நடுவில் அரளி,
முன்னால் யாருமில்லாத வலது லேன்.
ஐந்தாவது கியரை இதுவரை நான் போட்டதேயில்லை.
நங்கநல்லூரில் அதற்கு எங்கே இடம்?
மாடு, ஆட்டோ, கோயில், மறுபடி மாடு.

பெருங்களத்தூர் தாண்டியாயிற்று.
போனில் அந்தப் பெண் இருநூறு மீட்டர் என்றாள்,
எந்தக் கட்சியிலும் சேராத குரலில்.
மேலே ஏறினால் என் வழி,
பாலத்துக்கு அடியில் ஒதுங்கினால் அவர் வழி.
பின்னால் ஒரு ஜல்லி லாரி
ஹாரனில் தன் கருத்தைச் சொல்லிக்கொண்டே வருகிறது.
அவர் வாயைத் திறக்கவில்லை.
சொட்டு மருந்துப் புட்டியை
மூடித் திறந்து மூடினார்.

ஏறினேன்.
நான்கிலிருந்து ஐந்து.
வண்டி பெருமூச்சு விட்டு, சத்தம் அடங்கியது.
ஐந்தாவது கியர் இத்தனை அமைதி என்று
யாருமே சொல்லவில்லை எனக்கு.

உச்சியில், 'ஐயோ' என்றார்.
கால் பிரேக்குக்குப் போய்விட்டது.
'இல்ல, நீ ஓட்டு. அங்க பாரு, மரத்துக்குப் பின்னாடி
தண்ணி மாதிரி.'
மிருகக்காட்சிச்சாலை ஏரியாக இருக்கும்.
'நீலமா?'
'இன்னும் விடியல. ஈயம்தான்.
ஆனா என்ன ஈயம்!'

நான் பார்க்கவில்லை.
எண்பதில் போகும்போது கண்ணைத் திருப்ப முடியாது.
பாலம் இறங்கிவிட்டது.
'எங்கே?' என்றேன்.
'போச்சு.'

கிளாம்பாக்கம் வரை இருவரும் பேசவில்லை.
திரும்பும்போது வந்தவாசி வழியாக வரலாம்
என்று சொல்ல நினைத்தேன்,
சொல்லவில்லை.
வரும்போது இருட்டிவிடும்.

நெளிந்தார்.
'எங்கயாவது நிறுத்தேன்.'
அரளி ஓடிக்கொண்டிருந்தது.
வலது லேனில் யாருமே இல்லை.

'இதோ மதுராந்தகம்' என்றேன்.