எண்பத்தைந்து மில்லிமீட்டர்

கோர்கோஸ் உலர்துறைமுகத்தில்
கடலை ஒருநாளும் பார்த்திராத ரௌஷான்
நாற்பதடி உயரக் கூண்டிலிருந்து
கன்டெய்னர்களை மாற்றி வைக்கிறாள்.
எந்தப் பக்கம் நடந்தாலும்
இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்தான் உப்புத்தண்ணீர்.
நெய்தல் இல்லாத நிலம்.
ஆனாலும் பெட்டிகளின் விலாவில்
துருவேறிய நங்கூரப் படங்கள்.

கிழக்கிலிருந்து வரும் தண்டவாளம் கொஞ்சம் ஒடுங்கியது,
மேற்கே போவது அகன்றது.
வித்தியாசம் எண்பத்தைந்து மில்லிமீட்டர்.
அவள் உள்ளங்கை அகலம்.
ஜார் காலத்தில்
பகைவர் படை ரயிலேறி வந்துவிடக் கூடாதென்று
அப்படிப் போட்டார்கள் என்பார் சிலர்;
அதெல்லாமில்லை,
அளவுகோல் வாங்கிய கடை அப்படி என்பார் சிலர்.
எதுவானாலும்
அந்த உள்ளங்கை அகலத்தில்தான் அவளுக்குச் சம்பளம்.

செவ்வாய்க்கிழமை ஒரு நிபுணர் வந்தார்.
கேன்டீன் மேசையில் வரைபடம் விரித்தார்.
சுருளாமலிருக்க ஒரு முனையில் உப்புக்குடுவை,
மறுமுனையில் ரௌஷானின் ஹெல்மெட்.
"நீங்கள் நிற்பது உலகின் இதயநிலம்.
இது கைக்கு வந்தால் மற்றதெல்லாம் வரும் என்பது
நூறாண்டுப் பழைய கணக்கு.
இல்லை, சாவி கரையோரத்தில் என்பது
அதற்கு எதிர்க்கணக்கு."
மொழிபெயர்த்த பையன்
இதயம் என்ற இடத்தில் தயங்கி
ஆட்டை அறுத்து எடுக்கும் அதே சொல்லைப் போட்டான்.
வேறு சொல் கிடைக்கவில்லை.
அடுப்படியிலிருந்து துலேகென் எட்டிப் பார்த்தார்.

ரௌஷானுக்கு இதயம் தெரியும்.
முஷ்டியளவு. வெந்தால் இன்னும் சிறுக்கும்.
அது யாரையும் ஆண்டதாக அவள் கேள்விப்பட்டதில்லை.
வருவதை வாங்கும், அனுப்பும்,
வாங்கும், அனுப்பும்.
நின்ற பிறகுதான் அதைப் பற்றிப் பேச
ஆட்கள் வருவார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் சித்தி கௌஹர்.
வெள்ளிக்கிழமைதோறும் போனில்
முழங்கால் வலியில் தொடங்கி
மாட்டின் மடிநோய் வரை சொல்லித்தான் ஓய்வாள்.
ஒரு வசந்தத்தில்,
"எல்லாரும் நலம். இனிக் கூப்பிடாதே" என்றாள்.
சித்தி ஒருபோதும்
எல்லாரும் நலம் என்று சொல்கிற ஆளில்லை.

வரைபடத்தில் அவள் ஊர் இருக்கவேண்டிய இடத்தில்
நிபுணரின் பேனா மூடி கிடந்தது.

"இடையில் இருக்கும் நாடுகள்
சமநிலையைத் தேர்ந்தெடுக்கவேண்டும்" என்று முடித்தார்.
மத்தளம் தாளத்தைத் தேர்ந்தெடுப்பதுபோல.
கை கொடுத்தார். ஹெல்மெட்டைத் திருப்பித் தந்தார்.
உப்புக்குடுவை இருந்த இடத்தில்
ஒரு கடலில் நாலு கல் உப்பு சிந்தியிருந்தது.

அந்த வாரம் மேற்கே எங்கோ சண்டை முற்றி
ரயில்கள் பின்தங்கின. பெட்டிகள் குவிந்தன.
ஓவர்டைம் உண்டு என்றார்கள்.
சண்டைக்கு நன்றி சொல்லிவிடாமல்
உதட்டைக் கடித்துக்கொண்டு கையெழுத்திட்டாள்.

இரவு மூன்று மணி.
கணவாயிலிருந்து காற்று இறங்குகிறது.
பட்டியலில், வீட்டு உபயோகப் பொருட்கள், இருபத்தொரு டன்.
ஒடுங்கிய ரயிலிலிருந்து தூக்கிவிட்டாள்.
அகன்ற ரயிலுக்கு இன்னும் கொண்டுபோகவில்லை.
நடுவில் பெட்டி ஆடுகிறது.
ஆட்டம் நிற்கும்வரை இறக்கக் கூடாது,
அது விதி.
நெம்புகோலில் உள்ளங்கையை வைத்தபடி
அவள் காத்திருக்கிறாள்.