கோசோங்

கறுப்பு. பால் இல்லை, சீனி இல்லை.
கோப்பிக்கடையில் அப்பா கேட்கிற மாதிரியே
கோசோங் என்று பேர் வைத்தான் அகரன்.
வெறும் என்று அர்த்தம்.
புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து
யாரோடோ மின்தூக்கியில் ஏறி
எட்டாம் மாடியில் எங்கள் கம்பிக்கதவுக்குள் நுழைந்தபோதே
அவள் வெறும் இல்லை என்பது
யாருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு ரெண்டு பூனைதான் சட்டம் என்றார் வளவன்.
ஒன்றுதானே என்றேன்.
அவர் அதன் வயிற்றைப் பார்த்தார்.

அட்டைப்பெட்டியில் வாசல் வெட்டினேன்.
என் பழைய பேருந்துச் சீருடை இரண்டை
மடித்து விரித்தேன்.
மேல்மாடி ரொஹாயா வந்து பார்த்தாள்;
எட்டுப் பிரசவம் பார்த்தவள், எல்லாம் பூனை.
"அதுக்குத் தோணுற இடத்துலதான் அது பெறும்.
பெட்டி அழகா இருக்கு, நீ வச்சுக்க."

தோன்றிய இடம் புகலறை.
போர் வந்தால் ஒளிந்துகொள்ள
வீட்டோடு கட்டித் தந்த அறை.
கனத்த சுவர், அதைவிடக் கனத்த இரும்புக் கதவு.
போர் வரவில்லை. வந்தவை
அரிசி மூட்டை, தீபாவளி விளக்குச் சரம்,
சக்கரம் போன பெட்டி.
அவற்றுக்குப் பின்னால், சுவரோடு சுவராக, அவள்.
கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.
என் வேலைச் சப்பாத்து ஒன்றை இடுக்கில் வைத்தேன்.

நாலரைக்கு நான் டிப்போவில் நிற்க வேண்டும்.
முதல் பேருந்து என்னுடையது.
அதை அவளிடம் சொல்லியும் பார்த்தேன்.

ஒன்று பத்துக்கு முதல் குட்டி.
சவ்வை அவளே கிழித்தாள்,
கொடியை அவளே கடித்தாள்,
நஞ்சை அவளே தின்றாள்.

நஞ்சு.
ஒன்பது வாரம் ஊட்டி வளர்த்த ஒன்றுக்கு
எந்தக் கோபத்தில் இந்தப் பேரை வைத்தோமோ!
மிச்சமில்லாமல் தின்றாள்.

போனில் ரொஹாயா:
"குட்டியை மட்டும் எண்ணாதே, நஞ்சையும் எண்ணு.
ஒண்ணு உள்ளே தங்கினாலும் காய்ச்சல்."
மின்கட்டண உறையின் முதுகில் கோடு போட்டேன்,
மேலே குட்டி, கீழே நஞ்சு.
இரண்டாவது சாம்பல். மூன்றாவதும் சாம்பல்.
பிறகு வெகுநேரம் எதுவும் இல்லை.
வெந்நீர் வைத்தேன், எதற்கென்று தெரியாமல்.
படங்களில் வைப்பார்கள்.

திரும்பி வந்தால் நாலாவது கிடக்கிறது,
சவ்வுக்குள், அசையாமல்.
அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறாள்.
நகத்தால் கிழித்தேன். மூக்கைத் துடைத்தேன்.
கையில் அகப்பட்ட குட்மார்னிங் துண்டால்
மழைநாள் கண்ணாடியைத் தேய்ப்பதுபோல் தேய்த்தேன்.
"அப்படி இல்ல. முடிக்கு எதிர்ப்பக்கமா."
பின்னால் வளவன், கைலியோடு,
போன் வெளிச்சத்தில் எதையோ படித்துக்கொண்டு.
எப்போது எழுந்தாரோ.
எதிர்ப்பக்கமாகத் தேய்த்தேன்.
துண்டின் சிவப்பு எழுத்து
மூன்று நாற்பத்தாறுக்குக் காலை வணக்கம் சொன்னது.

அது தும்மியது.
ஒரு மிளகு தும்மினால் எப்படி இருக்கும், அப்படி.

எண்ணினேன். குட்டி நாலு. நஞ்சு மூன்று.
அரிசி மூட்டையை நகர்த்தி மறுபடி எண்ணினேன்.
மூன்று.
பால் இல்லை என்று பேர் வாங்கியவளிடம்
நாலும் வரிசையாக முட்டிக்கொண்டிருந்தன.

உறையை வாங்கிக்கொண்டார் வளவன்.
"நீ கிளம்பு. மிச்சக் கோட்டை நான் போடுறேன்."
சப்பாத்தை எடுத்தால் கதவு சாத்தும்.
அவர் தரையில் உட்கார்ந்து
இடுக்கில் தன் காலை வைத்தார்.

உட்லண்ட்ஸ் இன்னும் இருட்டு.
முனையம் போகும்வரை போனைத் தொடக்கூடாது.
முதல் ஆள் அட்டையைத் தட்டினார்,
பிறகு இரண்டு தாதியர், ஒரு துப்புரவாளர்.
ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் எண்ணினேன்.
வலது சப்பாத்தில் பூனை வாசம்.
முப்பத்தொரு நிறுத்தம்.

எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தேன்.
உறையின் படம்.
கீழ் வரிசையில் நாலாவது கோடு, கோணலாக.
அதன் அடியில் செய்தி:
"தின்னுட்டா. கால் மரத்துப்போச்சு.
வரும்போது மீன் வாங்கிட்டு வா."