மீதி

கல்லூரிச் சாலை ஆய்வுக்கூடத்தில்
ஏ.சி. நின்று மூன்று நாளாகிறது.
காரைக்குடிச் சித்திரை வெக்கையில்
லேசரும் எங்களைப் போலவே
ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை.

இரண்டு லேசர்.
ஒன்று நொடிக்கு
நூற்றுத் தொண்ணூற்று மூன்று லட்சம் கோடி முறை துடிக்கும்.
மற்றது அதைவிடப் பத்தாயிரம் கோடி கூட.
பேரேடு பார்த்த ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை:
பெருந்தொகைகள் எதிரெதிரே நிற்கட்டும்,
நமக்கு வேண்டியது கழித்து வரும் மீதி.

ஆனால் ஒளியோடு ஒளி சும்மா கணக்குப் பார்க்காது.
காற்றில் ஒன்றையொன்று கடந்து போய்விடும்,
சந்தைக் கூட்டத்தில்
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் போல.
நடுவில் ஒரு படிகம் வேண்டும்.
லித்தியம் நியோபேட், விரல்நகம் அளவு,
தள்ளிய அளவுக்கே அசையாமல்
கொஞ்சம் கோணலாய் அசைகிற ஒன்று.
நேர்மையான கண்ணாடிக்கு இது வராது.

உமையாள் மூச்சை அடக்கித் திருகைத் திருப்புகிறாள்.
கார்டில் இரண்டு பொட்டு ஒரு பொட்டாகிறது.
உள்ளே போவதில்
பத்து லட்சத்தில் ஒரு பங்கு திரும்பினால் பெரிது.

இரவு ஒன்றே முக்கால். முள் எழுந்தது.

யாரும் கைதட்டவில்லை.
போன மாதமும் இப்படித்தான் எழுந்தது,
அது பக்கத்து அறை ஃபிரிட்ஜ்.
ஒரு லேசரை மறைத்தோம், விழுந்தது.
மற்றதை மறைத்தோம், விழுந்தது.
இரண்டையும் திறந்தோம், எழுந்தது.
"கசியிற வெளிச்சம்தான்.
ரெண்டும் சேந்தாத்தான் அளவு தாண்டுதோ என்னமோ"
என்றார் ஜெயக்கொடி,
இடியாப்பப் பொட்டலத்தைப் பிரித்தபடி.

உமையாள் அந்தத் தாளைப் பிடுங்கினாள்.
எண்ணெய் பட்ட நேற்றைய செய்தித்தாள்.
எட்டாய் மடித்துக் குறுக்கே பிடித்தாள்.
முள் மயிரிழை இறங்கி, அங்கேயே நின்றது.
நில விற்பனை, மணமகள் தேவை, கண்ணீர் அஞ்சலி
எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு
அது போய்க்கொண்டிருந்தது.

பிறகு வாழையிலை.
முள் படுத்துவிட்டது.

காகிதத்துக்கு நிற்காதது
ஒரு இலையின் ஈரத்துக்கு நின்றது.
மூன்று மில்லிமீட்டர் அலை,
கொத்தமல்லி விதை அளவு.
இதுவரை இந்த அறையில் இல்லாதது.

ராமேஸ்வரம் ரயில் ஊரைக் கடந்தது.
மேசை நடுங்கி, பொட்டு மறுபடி இரண்டானது.
பூஜ்யம்.
நோட்டில் எழுதினேன்:
தாள், போனது. இலை, நின்றது. ரயில், 2.20.

இடியாப்பத்தை உள்ளங்கையில் ஏந்தியபடி
ஜெயக்கொடி இன்னும் நின்றுகொண்டிருந்தார்.
"முடிஞ்சுதுன்னா
இலையைக் குடுங்க" என்றார்.